பேலூர் மடம்: அப்பாவுக்கு ஒரு நாள் வேணும், தம்பி ஒரு மணி நேரம் தருகிறான்

#1 மயிலை_மாலதி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் இரண்டாவது வாரம் கொல்கத்தா போகிறோம். அப்பா, நான், தம்பி, தம்பி மனைவி, அவங்க ஏழு வயசுப் பையன். கோரமண்டலில் டிக்கெட் போட்டாச்சு. ஊரில் முழுசாக இரண்டு நாள் கிடைக்கும்.

அப்பாவுக்கு 77. அச்சகத்தில் எழுத்து கோத்தவர். ரிடையர் ஆனதிலிருந்து சாயங்காலம் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்குப் போகாத நாள் குறைச்சல். ஆரதிப் பாட்டு முழுக்க மனப்பாடம். அர்த்தம் கேட்டால் "தெரியாதும்மா, பாட வருது, போதும்" என்பார். காசிக்குக் கூப்பிட்டபோதே வேண்டாம் என்றவர், வாயைத் திறந்து கேட்ட ஒரே இடம் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம்.

தம்பி போட்ட திட்டம்: முதல் நாள் காளிகாட், விக்டோரியா, ஹவுரா பாலம். இரண்டாம் நாள் காலை தட்சிணேஸ்வரம், அப்படியே பேலூர் ஒரு மணி நேரம், மத்தியானம் பையனுக்காக சயன்ஸ் சிட்டி. ஒரு மணி நேரம் போதுமா? முட்டி வலிக்காரர் படகில் ஏறி இறங்க முடியுமா, காரிலேயே போய்விடலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

#2 கடலூர்_செந்தில்

ஒரு மணி நேரம் சத்தியமா பத்தாதுங்க. சிற்பங்களைப் பார்க்கவே அரை நாள் ஆகும். தூண் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. 16 கிலோமீட்டரில் ஹளேபீடு, அதையும் விட்டுடாதீங்க.

#3 ஊர்சுற்றி_கோபால்

செந்தில், நீங்க சொல்றது கர்நாடகாவில் இருக்கும் ஹொய்சளர் பேலூர். இவங்க கேட்கிறது ஹூக்ளிக் கரையில் இருக்கும் பேலூர். நடுவில் ரெண்டு மாநிலம் இருக்கு, கொஞ்சம் பிரேக் போடுங்க.

மாலதி, தம்பி சொல்றதில் தப்பில்லை. நான் போயிருக்கேன். சுத்தமான இடம், பெரிய தோட்டம், அமைதி, எல்லாம் சரி. ஆனால் தஞ்சாவூரும் மதுரையும் பார்த்த கண்ணுக்கு 1938-ல் திறந்த கட்டடத்தில் என்ன இருக்கு? அர்ச்சனை கிடையாது, போட்டோ எடுக்க விடமாட்டாங்க. சுத்தி வர நாற்பது நிமிஷம், செருப்பு எடுக்க பத்து நிமிஷம். பையனோட போறீங்க, அவனையும் நினைச்சுப் பாருங்க.

#4 கல்கத்தா_மாமி

லேக் மார்க்கெட் பக்கம் 31 வருஷமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போய் அழைத்துப் போய் எனக்கு அந்த வழி தூக்கத்திலும் தெரியும். மாலதி, தம்பியின் திட்டம் நடக்காது. ஒரு மணி நேரம் போதுமா போதாதா என்பது அப்புறம். முதலில் கடிகாரமே ஒத்துவராது.

பேலூரில் காலை பதினொன்றரைக்குக் கோயில்களை அடைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் மூன்றரைக்கு, வெயில் காலத்தில் நாலுக்குத்தான் மறுபடி திறப்பார்கள். தட்சிணேஸ்வரத்திலும் மத்தியானம் நடை சாத்துவது உண்டு. அங்கே காளியின் வரிசையில் நின்று, போனையும் பையையும் கொடுத்து வாங்கி, படகு பிடித்து பேலூருக்கு வருவதற்குள் பதினொன்றரை ஆகிவிடும். கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். சயன்ஸ் சிட்டி வேறு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஒரே நாளில் அதைச் சேர்க்கச் சொன்னது யார்?

நான் வருகிறவர்களிடம் சொல்வது இதுதான். காளிகாட்டிலிருந்து மெட்ரோ ஏறினால் நேராக தட்சிணேஸ்வரம், 2021-லிருந்து அந்த வசதி வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை ஸ்கைவாக் இருக்கிறது, எஸ்கலேட்டரும் உண்டு, அப்பாவுக்குக் கவலையில்லை. காலையில் சீக்கிரமே அங்கே நின்றால் காளியையும் கரையோரம் இருக்கும் 12 சிவன் கோயில்களையும் பரமஹம்சர் இருந்த அறையையும் நிதானமாகப் பார்க்கலாம். நஹபத்தைக் கட்டாயம் காட்டுங்கள். மேளக்காரர்களுக்குக் கட்டிய சின்ன மண்டபம். அதன் கீழ் அறையில்தான் பரமஹம்சரின் மனைவி சாரதாதேவி அத்தனை வருஷம் இருந்து சமைத்துப் போட்டார். நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே எட்டிப் பார்த்த என் மாமியார் "இதிலயா?" என்று கேட்டதற்கு மேல் அன்று பேசவே இல்லை.

செவ்வாய், சனி, ஞாயிறு வேண்டாம். ஜனவரி 1 கல்பதரு நாள், பரமஹம்சர் பக்தர்களுக்குத் திருநாள், அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

படகு நல்லது. அரை மணிக்குள் போய்விடும், தெருவில் போனால் பாலி பாலத்துக் கூட்டம். ஆனால் ஆற்றின் நிலை பார்த்து ஏறணும். அதைத் தனியாக எழுதுகிறேன், அடுப்பில் குக்கர் இருக்கிறது.

#5 செங்கல்_சித்தன்

கோபால் சார் "1938 கட்டடத்தில் என்ன இருக்கு" என்றதால் எழுதுகிறேன். தொழில் சிவில்.

அந்தக் கட்டடத்தை எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வாசலில் நின்றால் பௌத்த விகாரத்தின் முகப்பு. அதற்கு மேல் எழும்புவது நம் ஊர் கோபுரத்தின் சாயல். பக்கவாட்டு மாடங்களும் ஜன்னல்களும் ராஜபுத்திர, முகலாய பாணி. மேலே குவிமாடங்களில் வங்காளத்துக் கூரை வளைவு. உள்ளே போனால் இருபக்கமும் தூண் வரிசை, நீண்ட கூடம், கடைசியில் கருவறை, அதாவது தேவாலயத்து அமைப்பு. தரைப்படம் சிலுவை வடிவம். இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் கதம்ப சாதமாகப் போயிருக்க வேண்டியது, போகவில்லை. நான் தூணைத் தட்டிக்கொண்டே நடந்ததில் ஒரு சாமியார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சுனார் மணற்கல், நல்ல வேலை.

விவேகானந்தர் தன் ஆயுளிலேயே இப்படித்தான் வேண்டும் என்று விஞ்ஞானானந்தரிடம் சொல்லி வரையச் சொன்னார். விஞ்ஞானானந்தர் துறவியாகும் முன் அரசாங்க இன்ஜினியர். சொன்னவர் 1902-ல் போய்விட்டார். கோயில் எழும்பியது அதற்கு 36 வருஷம் கழித்து. 1938 ஜனவரி 14 அன்று பிரதிஷ்டை செய்ததும் அதே விஞ்ஞானானந்தர்தான், அப்போது அவருக்கு 69 வயசு. அதே வருஷம் ஏப்ரலில் அவரும் காலமானார். கைநடுங்கும் வயசில், முப்பது வருஷத்துக்கு முந்தைய கிளையன்ட்டின் ஆர்டரை டெலிவரி கொடுத்தவர். அதற்காகவாவது நாற்பது நிமிஷத்துக்கு மேல் நில்லுங்கள்.

#6 தென்காசி_முருகன்

எனக்கும் ஒரு சந்தேகம். அர்ச்சனைத் தட்டு வாங்கிட்டுப் போகலாமா? விபூதி, குங்குமம் கொடுப்பாங்களா? அப்பா பேருக்கு நட்சத்திரம் சொல்லி ஏதாவது செய்யணும்னா?

#7 கல்கத்தா_மாமி

முருகன் தம்பி, தட்டும் கிடையாது, நட்சத்திரமும் கேட்கமாட்டார்கள். போனால் உட்காரணும், அவ்வளவுதான். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் கால் மணி நேரம் கை என்ன செய்வது என்றே தெரியாது. மத்தியானம் பிரசாதம் உண்டு, அநேகமாகக் கிச்சுடி. அரிசியும் பருப்பும் காயும் சேர்ந்து குழைந்தது, நம்ம வெண்பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம். காலையிலேயே போய் விசாரித்துவிடுவது நல்லது.

இப்போது ஆறு. இங்கே கங்கை கடலின் பிடியில் இருக்கிறது. ஏற்றம் வந்தால் தண்ணீர் கடலிலிருந்து வடக்கே, அதாவது வந்த வழியே திரும்பி ஓடும். ஜோயார் என்பார்கள். இறக்கம் பாட்டா. ஏற்றத்தில் படகும் படித்துறைப் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும், அப்பா சுலபமாக இறங்கலாம். இறக்கத்தில் பலகை சரிந்து நிற்கும், ஓரத்தில் சேறு. முட்டிக்காரருக்கு அதுதான் கஷ்டம். துறையிலேயே கேட்டால் சொல்வார்கள். நான் வந்த புதிதில் காலையில் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று தெற்கே போவதையும் சாயங்காலம் வேறொரு கொத்து வடக்கே போவதையும் பார்த்துவிட்டு, எனக்குத்தான் திசை குழம்பிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

#8 ஊர்சுற்றி_கோபால்

சித்தன் சார், தூணைத் தட்டிப் பார்க்க எனக்குத் தோணலை, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு விஷயம். கோயிலும் இல்லை, வெறும் நினைவிடமும் இல்லைன்னா நான் அங்கே எதுக்குப் போறேன்? ஒரு மனுஷனைச் சாமியா உட்கார வெச்சிருக்கு. அதில் எனக்கு ஒட்டலை, உண்மையைச் சொல்றேன்.

#9 ஏட்டுச்_சுரைக்காய்

கோபால், நம் ஊர் ஜீவசமாதிகளில் உங்களுக்கு ஒட்டுமா? திருவண்ணாமலையில் ரமணர் சமாதியைச் சுற்றி வருகிறோமே, அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பேலூரும் அடிப்படையில் சாம்பலைச் சுற்றி எழுந்த இடம்தான்.

1886 ஆகஸ்டில் பரமஹம்சர் காசிப்பூர் தோட்டத்தில் காலமானார். அஸ்தி ஒரு செப்புக் கலசத்தில். அதை வைத்துக்கொண்டு இளைஞர்கள் சிலர் பராநகரில் பாழடைந்த ஒரு வீட்டில் கூடினார்கள், பிறகு ஆலம்பஜாருக்கு மாறினார்கள். விவேகானந்தர் உட்பட ஒவ்வொருவரும் தேசாந்திரம் போய்விட, ஒருவர் மட்டும் எங்கும் போகவில்லை. கலசத்துக்குப் பூஜை செய்து, சோறு படைத்து, பனைமட்டையால் விசிறிக்கொண்டு 11 வருஷம் இருந்தார். சசி மகராஜ், துறவுப் பெயர் ராமகிருஷ்ணானந்தர்.

1897-ல் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து பாம்பன் வழியாகத் திரும்பி சென்னையில் ஐஸ் ஹவுஸில் தங்கியபோது, நம்மவர்கள் ஒரு துறவியை இங்கே நிரந்தரமாக அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அவர் அனுப்பியது யாரை? கலசத்தை விட்டு நகராத அந்த சசி மகராஜை. மார்ச்சில் வந்து சேர்ந்தார். மயிலாப்பூர் மடம் அவரிடமிருந்து வளர்ந்ததுதான். பேலூர் நிலம் வாங்கியது அதற்கு அடுத்த வருஷம். ஹென்ரியேட்டா மூல்லர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பண உதவியோடு வாங்கினார்கள். படகு பழுதுபார்க்கும் இடமாக இருந்தது, ஒரே மேடும் பள்ளமும். 1898 டிசம்பர் 9-ல் விவேகானந்தரே கலசத்தைத் தோளில் சுமந்து அங்கே கொண்டு போனார். நீ தோளில் சுமந்து எங்கே வைத்தாலும் இருப்பேன் என்று குரு சொல்லியிருந்தாராம்.

மாலதி, உங்கள் அப்பா மயிலாப்பூரில் தினமும் போய் உட்காரும் இடத்துக்கும் பேலூருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு மனிதர். பேலூர் எழும்பும் முன்பே அதன் பூசாரி நம் ஊருக்கு வந்துவிட்டார்.

#10 தெளிவு_தேடி

இதெல்லாம் சரி, ஆனால் அவர்களே நாங்கள் இந்துக்கள் இல்லை என்று கோர்ட்டுக்குப் போனவர்கள்தானே? இந்து மடம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

#11 ஏட்டுச்_சுரைக்காய்

போனது உண்மை. 1980-களில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, கல்வி நிறுவனங்களின் நிர்வாகம் கையை விட்டுப் போகாமலிருக்கச் சிறுபான்மை அந்தஸ்து கேட்டார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் இது இந்து சமயத்துக்குள் அடங்கியதுதான் என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அங்கே இயேசு படத்துக்குக் கேக் படைப்பார்கள், அதுவும் உண்மை. 1901-ல் விவேகானந்தர் அங்கே துர்கா பூஜையும் குமாரி பூஜையும் நடத்தினார், அதுவும் உண்மை. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு நீங்களே...

#12 நெறியாளர்

இங்கேயே நிறுத்திக்கொள்வோம். மாலதி கேட்டது முட்டி வலியைப் பற்றி. வழக்கு வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

#13 மயிலை_மாலதி

எல்லோருக்கும் நன்றி. மாமி, உங்கள் பதிவை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். "சரி, சீக்கிரம் கிளம்பலாம், ஆனா மூணு மணிக்கு சயன்ஸ் சிட்டி" என்று பதில் வந்தது. சுரைக்காய் சார், சசி மகராஜ் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அவர் படம் அங்க இருக்கு, தினம் பார்க்கிறேன்" என்றார். பதினோரு வருஷம் என்பதை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

மாமி, ஒரு கேள்வி. ஆரதிப் பாட்டு "கண்டன பவ பந்தன ஜக வந்தன வந்தி தோமாய்" என்று ஆரம்பிக்கிறதே, அந்த "தோமாய்" என்ன சமஸ்கிருதம்? அப்பா இத்தனை வருஷமாகக் கேட்காததை நான் கேட்கிறேன்.

#14 கல்கத்தா_மாமி

சமஸ்கிருதம் இல்லை, வங்காளி. தோமாய் என்றால் உன்னை. வந்தி தோமாய், உன்னை வணங்குகிறேன். விவேகானந்தர் எழுதியது, சமஸ்கிருதச் சொற்களை வங்காளியில் கோத்திருக்கிறார். இங்கே பாடும்போது அப்பாவுக்கு ஒரு அதிர்ச்சி இருக்கும், முன்னாலேயே சொல்லிவையுங்கள். இவர்களுக்கு "வ" வராது, "ப" ஆகிவிடும். "அ" எல்லாம் "ஒ" ஆகும். "கொண்டொனொ பொபொ பொந்தொனொ" என்று கேட்கும்.

சாயங்காலம்தான் பேலூர், காலை அல்ல. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதை ஒட்டி ஆரதி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரணும், அப்பாவோடு தம்பி இருக்கட்டும். சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கல் தரை ஜில்லென்று இருக்கும்.

(இரண்டு வாரம் கழித்து)

#15 மயிலை_மாலதி

வந்துவிட்டோம். எழுதுகிறேன் என்று மாமியிடம் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் சொதப்பல். தம்பி பையன் எழுந்திருக்கவில்லை, ஓட்டலில் காலைச் சாப்பாடு எட்டுக்குத்தான் என்றார்கள், மெட்ரோ ஏறும்போதே ஒன்பது. தட்சிணேஸ்வரத்தில் காளி வரிசை பாம்பாக வளைந்திருந்தது. படகில் இறங்கி மடத்துக்குள் போகும்போது மணி பதினொன்று பத்து. பெரிய கோயிலில் அப்பா உட்கார்ந்தது பதினைந்து நிமிஷம் இருக்கும். மாமி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

படகு இறங்கும்போது ஏற்றமா இறக்கமா என்று கேட்க மறந்துவிட்டோம். பலகை சரிந்துதான் இருந்தது. நல்லவேளை, முன்னால் இறங்கிய மீன்கூடைக்காரர் கூடையை வைத்துவிட்டு வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா தமிழில் நன்றி சொன்னார், அவர் வங்காளியில் ஏதோ சொன்னார்.

பிரசாதம் கிடைத்தது. அதன் பிறகு வெளியே வந்தாக வேண்டும். தம்பி டாக்ஸியைக் கூப்பிட்டான். அப்பா, "நீங்க போயிட்டு வாங்க. நான் திறக்கிற வரைக்கும் இங்க இருக்கேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கே கூட்டிப்போனாலும் வருகிறவர். தம்பி ஒரு நிமிஷம் நின்றான், பிறகு பையனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கோபம்தான், மறைக்கவில்லை.

நானும் அப்பாவும் மூன்றரை மணி நேரம் வெளியே டீக்கடை பெஞ்சில். மண் கோப்பையில் டீ. குடித்துவிட்டுக் கோப்பையை எறியணும், அப்பாவுக்கு மனசு வரவில்லை, இரண்டையும் கழுவி என் பையில் போட்டுவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் ஒன்றில் ஊதுபத்தி நிற்கிறது.

திறந்ததும் விவேகானந்தர் இருந்த அறை, அவரைத் தகனம் செய்த இடத்துக் கோயில் எல்லாம் பார்த்தோம். 39 வயசு என்று நான் சொன்னேன், "உன்னைவிடச் சின்னவன்" என்றார். சாரதாதேவியின் சின்னக் கோயில் கங்கையைப் பார்த்து இருக்கிறது. அவருக்கு ஆறு பிடிக்கும் என்று அப்படிக் கட்டினார்களாம். அதன் எதிரே படித்துறையின் மேல்படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். மாமி சொன்ன ஆகாயத்தாமரை வந்தது. ஒரு பெரிய கொத்து, மேலே ஒரு கொக்கு, தட்சிணேஸ்வரப் பக்கமாக, ஆறு வரும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "பாரு, எதிர்ல போகுது" என்றார். கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்.

ஆரதிக்கு அப்பாவோடு தம்பி இல்லை, நான் பெண்கள் பக்கம் போகணும். கவலையாகத்தான் இருந்தது. மத்தளம் ஆரம்பித்ததும் நூற்றுக்கணக்கான குரல். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வரி அப்பா வாயைத் திறக்கவில்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியிலிருந்து பாடினார். நம் உச்சரிப்பில்தான்.

#16 ஊர்சுற்றி_கோபால்

நான் காலையில் போய் நாற்பது நிமிஷத்தில் வந்தவன். ஆரதி பார்க்கவே இல்லை. சாமி விஷயத்தில் என் கருத்து மாறலை. ஆனா ஆறு எதிர்த்திசையில் ஓடுறதைப் பார்க்காம வந்துட்டேனேன்னு இருக்கு.

#17 கல்கத்தா_மாமி

ஒன்பது மணிக்கு மெட்ரோ ஏறியதற்கு உன்னைத் திட்டணும், அடுத்த தடவை வீட்டுக்கு வா, திட்டுகிறேன். தம்பி என்ன ஆனான்?

#18 மயிலை_மாலதி

ராத்திரி எட்டு மணிக்கு எங்களை அழைத்துப்போக பேலூருக்கே திரும்பி வந்தான் மாமி, சயன்ஸ் சிட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ட்ராஃபிக்கில். கேட் மூடியிருந்தது. அப்பா டீக்கடையில் அதே பெஞ்சில். பையன் ராக்கெட் கதை சொன்னான், அப்பா கொக்கு கதை சொன்னார். தம்பி தனக்கும் ஒரு டீ சொன்னான்.

#19 கடலூர்_செந்தில்

அம்மா, அந்தப் பேலூருக்கு எப்ப வர்றீங்க? அங்க நடை மத்தியானம் எப்படின்னு விசாரிச்சு வெக்கிறேன்.